பென்டிரைவிலிருந்து லினக்ஸ்: "பேக்கேஜ் கெட்டிருக்கிறது" என்று நின்றால் எங்கே தேடுவது?

நிறுவல் பாதியில் நின்று பேக்கேஜ் (மென்பொருள் பொதி) பழுது என்று திரையில் வந்தால், உடனே ஐஎஸ்ஓவை, அதாவது பென்டிரைவில் எழுத இறக்கிய அந்தப் பெரிய நிறுவல் கோப்பை, மறுபடி இறக்கத் தொடங்காதீர்கள். எதையும் மாற்றாமல், அதே பென்டிரைவை அதே போர்ட்டில் வைத்து இன்னொரு முறை நிறுவிப் பாருங்கள். எந்தக் கோப்பில் நின்றது என்று இரண்டு முறையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முறையும் ஒரே கோப்பு என்றால் பழுது ஐஎஸ்ஓவிலோ பென்டிரைவிலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பு என்றால் ராம், போர்ட், கேபிள் பக்கம் போங்கள். பென்டிரைவிலிருந்து வருவதெல்லாம் ஒழுங்காக ஏறி, இணையத்திலிருந்து இறங்கும் பேக்கேஜ் மட்டும் தகராறு செய்தால் கணினியின் கடிகாரம், கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி, பேக்கேஜ்களின் நகலைத் தரும் மிரர் சர்வர் இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் தேவையில்லாமல் 5 ஜிபி இறக்குவது மிச்சம்.

கோப்பின் பெயர் திரையில் வரவில்லையா? டெபியன் (உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் போல லினக்ஸின் ஒரு வகை) நிறுவியில் ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தினால் லாக், அதாவது நிறுவியின் பதிவேடு, ஓடுவது தெரியும், வரைகலை நிறுவியாக இருந்தால் கன்ட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உபுண்டு, மின்ட்டில், நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் திரையில் டெர்மினல் திறந்து டிமெசேஜ் (sudo dmesg) கட்டளை கொடுங்கள். "ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்" என்றோ, செக்டர் எண்ணோடு "ஐஓ எரர்" என்றோ சிவப்பில் வரிகள் இருந்தால் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

*

ஸ்குவாஷ்எஃப்எஸ் பற்றி ஒரு விளக்கம். உபுண்டு, மின்ட் லைவ் ஐஎஸ்ஓக்களில் பேக்கேஜ்கள் தனித்தனியாக ஏறுவதில்லை. முழு சிஸ்டமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற பெரிய சுருக்கப்பட்ட கோப்பாக (புதிய உபுண்டுவில் சில கோப்புகளாக) உள்ளே இருக்கிறது, நிறுவி அதை விரித்துக் காப்பி செய்கிறது. அந்தக் கோப்பு துண்டு துண்டாகச் சுருக்கப்பட்டது. ஒரு துண்டின் வழக்கமான அளவு 128 கேபி, அதிகபட்சம் 1 எம்பி. துண்டுக்குள் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டு முழுவதும் விரியாது. ஆகவே திரையில் வரும் பேக்கேஜின் பெயருக்குப் பெரிய அர்த்தம் இல்லை, பழுதடைந்த துண்டில் அது இருந்தது, அவ்வளவே. அந்தப் பேக்கேஜின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

*

ஐஎஸ்ஓவைச் சோதிக்கும் முறை. விண்டோஸில் பவர்ஷெல் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஷா256 எண் வரும், கோப்பின் கைரேகை போன்ற செக்சம் இது. லினக்ஸில் ஷா256சம். வந்த 64 எழுத்தையும் வெளியீட்டுத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். முதல் நாலு, கடைசி நாலு மட்டும் பார்ப்பது பழுதைக் கண்டுபிடிக்கப் போதும், மோசடியைக் கண்டுபிடிக்கப் போதாது.

மோசடி என்று சொல்வது மிகையல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே பிறர் கைக்குப் போனால் அதே பக்கத்தில் உள்ள செக்சம்மையும் நம்ப முடியாது. அதனால்தான் செக்சம் கோப்போடு ஜிபிஜி கையொப்பக் கோப்பும் (வெளியிட்டவர் தன் சாவியால் போட்ட டிஜிட்டல் கையொப்பம்) தருகிறார்கள். இரண்டையும் இறக்கி, கையொப்பத்தை முதலில் சரிபாருங்கள், செக்சம் அதற்குப் பிறகு.

எண் பொருந்தவில்லை என்றாலும் முழுதாக மறுபடி இறக்க வேண்டாம். அதே வெளியீட்டின் டோரன்ட் கோப்பை எடுத்து டோரன்ட் மென்பொருளில் திறந்து, சேமிக்கும் இடமாக அந்தக் கெட்ட ஐஎஸ்ஓ இருக்கும் ஃபோல்டரைக் காட்டி, "ஃபோர்ஸ் ரீசெக்" கொடுங்கள். கோப்பின் பெயர் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். டோரன்ட் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சரிபார்க்கும், கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிக்கொள்ளும். 5 ஜிபி ஐஎஸ்ஓ சில எம்பி செலவில் சரியாகிவிடும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

*

ஐஎஸ்ஓ சரி, ஆனாலும் நிற்கிறது என்றால் எழுதிய விதத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தொல்லை இங்கேதான்.

லினக்ஸில் டிடி கட்டளையால் எழுதும்போது இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, எஸ்டிபி என்று முழு டிரைவைக் கொடுக்காமல் எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனைக் கொடுப்பது. முன்னதாக எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவைப் பார்த்து எது பென்டிரைவ் என்று உறுதி செய்யுங்கள், ஒரு எழுத்து மாறினால் ஹார்ட் டிஸ்க் போய்விடும். இரண்டாவது, சீக்கிரம் பிடுங்குவது. கட்டளை சில நொடிகளில் முடிந்ததுபோல் காட்டும். அப்போது பாதித் தகவல் ராமில்தான் இருக்கும், பென்டிரைவுக்குப் போயிருக்காது. பிளாக் அளவை 4 எம்பி என்று வைத்து, எஃப்சிங்க் (conv=fsync) விருப்பத்தையும் சேர்த்துவிட்டால் உண்மையில் எழுதி முடித்த பிறகுதான் கட்டளை திரும்பும்.

எழுதியதும் பென்டிரைவைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. கழற்றாமல் சோதித்தால் ராமில் இருக்கும் நகலையே படித்துச் "சரி" என்று சொல்லிவிடும். பிறகு சிஎம்பி கட்டளைக்கு ஐஎஸ்ஓவையும் டிரைவையும் கொடுங்கள். முடிவில் ஐஎஸ்ஓவின் பெயரோடு "இஓஎஃப்" என்று ஒரு வரி வரும். பலர் இதைப் பிழை என்று நினைத்து மறுபடி எழுதுகிறார்கள். பென்டிரைவ் ஐஎஸ்ஓவைவிடப் பெரியது, ஐஎஸ்ஓ முடியும்வரை எல்லாம் பொருந்தியது என்பதுதான் அதன் பொருள். "டிஃபர்" என்ற சொல்லோடு பைட் எண் வந்தால்தான் பிரச்சினை. இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதே பைட் எண் என்றால் எழுதியது தவறு. எண் மாறிக்கொண்டே இருந்தால் படிப்பது தவறு, போர்ட்டை மாற்றுங்கள்.

முழு பென்டிரைவின் ஷா256 எடுத்து ஐஎஸ்ஓவின் எண்ணோடு ஒப்பிடுவது பயனற்றது, எப்போதும் பொருந்தாது.

*

விண்டோஸில் எழுதுபவர்களுக்கு: பென்டிரைவில் எழுதும் மென்பொருளான ரூஃபஸ் "ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா" என்று கேட்டால், நிறுவலில் ஏற்கெனவே சிக்கல் இருக்கிற நிலையில் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். ஐஎஸ்ஓ முறை கோப்புகளைப் பிரித்து எடுத்துப் பெரும்பாலும் ஃபாட்32 என்ற கோப்பு முறையில் வைக்கும். ஃபாட்32-இல் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு நிற்காது. டிடி முறையில் எழுதியதும் "டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் ஒரு பெட்டி காட்டும். கேன்சல் கொடுங்கள். அதில் ஓகே அழுத்தியதால் போன பென்டிரைவ்கள் ஏராளம்.

இன்னொன்று. எழுதிய பென்டிரைவை விண்டோஸ் கணினியில் மறுபடி செருகினால் அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் செய்ய உதவும் சிறு பகுதி) விண்டோஸ் தானாக ஒரு ஃபோல்டர் உருவாக்கிவிடும். ஃபெடோராவின் பூட் மெனுவில் உள்ள மீடியா சோதனை இதனால் தோற்கும், தகவல் உண்மையில் கெடாமலே. எழுதி முடித்ததும் கழற்றி, நேராக நிறுவ வேண்டிய கணினிக்குக் கொண்டு போங்கள்.

வென்டாய் (ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்து பூட் செய்ய உதவும் மென்பொருள்) பயன்படுத்தினால் ஐஎஸ்ஓவைக் காப்பி செய்தபின் இஜெக்ட் கொடுக்காமல் எடுக்காதீர்கள், வால் பகுதி எழுதப்படாமல் போகும்.

*

மேலே சொன்ன சிஎம்பி சோதனையில் ஐஎஸ்ஓவின் பின்பாதி மட்டும் திரும்பத் திரும்பப் பொருந்தவில்லையா? அப்போ பென்டிரைவே போலியா இருக்க வாய்ப்பு அதிகம். மேலே 64 ஜிபின்னு அச்சடிச்சிருக்கும், உள்ளே சிப் அதுல ஒரு பங்குதான். கொள்ளளவு தாண்டினதும் எழுதுறது தொலைஞ்சுபோகும், இல்லைன்னா பழைய இடத்து மேலேயே எழுதும், எரர் எதுவும் காட்டாது. இதைச் சோதிக்க லினக்ஸ்ல எஃப்3ங்கிற கருவி இருக்கு, விண்டோஸ்னா எச்2டெஸ்ட்டபிள்யூ. முதல்ல ஃபார்மேட் பண்ணிக்கங்க, காலி இடத்தைத்தான் அது நிரப்பிப் பார்க்கும். எஃப்3ரைட், அப்புறம் எஃப்3ரீட். நொடிக்கு 10 எம்பி எழுதுற 32 ஜிபி டிரைவுக்கு எழுதவே ஒரு மணி நேரம் பிடிக்கும், பொறுமையா விடுங்க. "ஓவர்ரிட்டன்" கணக்குல ஒரு செக்டர் வந்தாலும் அந்த டிரைவை எதுக்கும் நம்பாதீங்க.

*

வேறு வேறு கோப்பில் நிற்கும் வகை பற்றி. முதலில் போர்ட். மேசைக் கணினியில் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட் இருந்தால் அதில். மெதுவாக ஓடும், ஆனால் சோதனைக்கு அது நல்லது. ஹப் வேண்டாம்.

பிறகு ராம். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸின் பழைய 5.01 பதிப்பு யுஇஎஃப்ஐயில் (புதிய கணினிகளின் பூட் முறை) ஓடாது. 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து ஓடும். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிவரலாம். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்திவிடாமல் இரவு முழுவதும் விடுங்கள். ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம் மட்டுமே. பிழை வந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை வேகமாக ஓட்டும் அமைப்பு) அணைத்து மறுபடி ஓட்டுங்கள், பல வழக்குகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் ராம் குச்சிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக வைத்துச் சோதியுங்கள். கெட்ட ராமோடு இறக்கிய ஐஎஸ்ஓவும், அந்தக் கணினியில் எழுதிய பென்டிரைவும்கூட சந்தேகத்துக்குரியவைதான். வேறு கணினியில் எழுதுங்கள்.

லினக்ஸ் நிறுவப்படும் டிஸ்க்கையும் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் பட்டியலில் 5, 197 எண்களுக்கு எதிரே கடைசிப் பத்தியில் உள்ள ரா மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது. 199 மட்டும் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

*

ஆர்ச் காரர்களுக்கு. "இன்வேலிட் ஆர் கரப்டட் பேக்கேஜ்", பக்கத்தில் பிஜிபி கையொப்பம் என்று வந்தால் பேக்கேஜ் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். ஐஎஸ்ஓ பழையது, அதிலுள்ள சாவிக்கொத்தில் புதிய பராமரிப்பாளரின் சாவி இல்லை. நீக்கவா என்று ஆர்ச்சின் பேக்கேஜ் கருவியான பேக்மேன் கேட்கும். ஆம் என்றால் நீக்கி, அடுத்த முறை மறுபடி இறக்கி, மறுபடி அதே இடத்தில் நிற்கும். டைம்டேட்சிடிஎல் கொடுத்து நேரத்தைச் சரிபார்த்து, முதலில் ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜை மட்டும் புதுப்பித்துவிட்டு நிறுவலைத் தொடருங்கள். ஐஎஸ்ஓ மாதந்தோறும் வருகிறது, அந்த மாதத்தியதை எடுத்தால் இந்த வேலையே இல்லை. கையொப்பச் சோதனையை அணைத்துவிடச் சொல்லும் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம்.

நேரம் பல வருடம் பின்னால் இருக்கிறதென்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல் தீர்ந்திருக்கும். டெபியன், உபுண்டுவிலும் இதே காரணத்தால் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று அவற்றின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் மறுக்கும்.

"ஹேஷ் சம் மிஸ்மேட்ச்" வேறு. இடையில் உள்ள புராக்ஸி (இணையத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் சர்வர்) பழைய பட்டியலைக் கொடுத்திருக்கும், அல்லது மிரர் புதுப்பிப்பின் நடுவில் இருந்திருக்கும். ஆப்ட்டின் லிஸ்ட்ஸ் ஃபோல்டரில் உள்ளதை நீக்கி, ஆப்ட் கிளீன், ஆப்ட் அப்டேட். மறுபடியும் வந்தால் எச்டிடிபிஎஸ் உள்ள வேறு மிரர்.

*

எப்படியோ நிறுவல் முடிந்துவிட்டது, ஆனால் நடுவில் ஒரு முறை "மறுமுயற்சி" அழுத்தினீர்கள் என்றால் சிஸ்டத்தை ஒரு தடவை சோதித்துவிடுங்கள். டெபியன், உபுண்டு, மின்ட்டில் டிபிகேஜி வெரிஃபை, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். வரியின் நடுவில் "சி" எழுத்து இருந்தால் அது அமைப்புக் கோப்பு, மாறியிருப்பது இயல்பு. அந்த எழுத்து இல்லாமல் 5 என்ற எண்ணோடு வரும் வரிகள்தான் கெட்டவை. அந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்கு உரியது என்று டிபிகேஜியிலேயே தேடி, ரீஇன்ஸ்டால் விருப்பத்தோடு அதை மட்டும் மறுபடி நிறுவுங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம்மின் விஏ விருப்பம், ஆர்ச்சில் பேக்மேனின் க்யூகேகே.