பதினொன்றாம் வகுப்பில் ஒற்றை ஆளாக நிற்கிறேன், இந்த இரண்டு வருடத்தை எப்படி ஓட்டுவது?

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது, ஈரோடு பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் பதினொன்றாவது, பயோ மேத்ஸ் குரூப். வரலாறுதான் வேண்டும் என்று பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கே வீட்டில் சொன்னேன், ஆனால் எங்கள் பள்ளியில் அந்த குரூப்பே கிடையாது, இருக்கிற பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சரி என்று சேர்ந்துவிட்டேன். படிப்பில் நான் மோசம் இல்லை.

இங்கே எல்லாமே ஒரே அச்சு. இரட்டைச் சடையை மடித்துக் கட்டுவது, சுடிதார் மேலே கோட்டு, பையன்களுக்கு ஒரு படிக்கட்டு எங்களுக்கு ஒரு படிக்கட்டு, இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, இதற்காக நான் எழுதவில்லை. இரண்டு விஷயம் நடந்தது, அதைச் சொல்கிறேன்.

இந்த 2025-26 கல்வியாண்டில் இருந்து பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவித்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே எங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். இயற்பியலில் வெக்டரைப் பாதியில் விட்டுவிட்டு நேராக நிலைமின்னியல். நான் எழுந்து, "மிஸ், லெவன்த் போர்ஷன் எப்ப நடத்துவீங்க?" என்று கேட்டேன். சத்தியமாக எதிர்த்துப் பேசுகிற எண்ணம் எனக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். மிஸ் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள், அப்புறம் அந்தப் பீரியடு முடியும் வரை நிற்க வைத்துவிட்டார்கள். எனக்கு நின்றது பெரிதாகத் தெரியவில்லை. முந்தின நாள் பஸ்ஸில் இதே கேள்வியைத் தங்களுக்குள் பேசிக்கொண்ட நாலு பேரும் அன்றைக்குத் தலையைக் குனிந்து ஒன் வேர்ட் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

இரண்டாவது, என் ரஃப் நோட்டு. கடைசிப் பக்கங்களில் தமிழ்-பிராமி எழுத்து, அதாவது பழைய கல்வெட்டுகளில் இருக்கிற தமிழ் எழுத்து, எழுதிப் பழகுவேன். ஒன்பதாவதில் எல்லாரும் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள், பெயரில் ழ இருக்கிற ஒருத்தி அந்த எழுத்து அழகாக இருக்கிறது என்று ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியில் ஒட்டி வைத்திருந்தாள். போன மாதம் அந்த நோட்டு ஒரு மேடம் கண்ணில் பட்டது. இது என்ன ரகசிய எழுத்து, யாருக்கு எழுதுகிறாய் என்று ஆபீஸ் ரூம் வரைக்கும் போய்விட்டது. அம்மாவை வரச் சொன்னார்கள். கல்வெட்டு எழுத்து என்று நான் சொன்னதை அம்மாவைத் தவிர யாரும் நம்பவில்லை. மறுநாள் பார்த்தால் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒட்டியிருந்தது கிழிக்கப்பட்டிருந்தது. இப்போது எனக்குப் பட்டப்பெயர் "கல்வெட்டு". சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை, என்னோடு பேசினால் தங்களுக்கும் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுகிறார்கள்.

வாயை மூடிக்கொண்டு எல்லாரையும் போல இருந்துவிடவா? இருக்கப் பார்த்தேன், ஒரு வாரம் முடிந்தது, அந்த வாரம் முழுக்க வேறு யாருடைய உடம்புக்குள்ளோ இருந்த மாதிரி இருந்தது. இப்படி இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய ஹாஸ்டல்காரன் எழுதியது:

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் படித்தவன், 2007 செட். இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வை எடுத்துவிட்ட முதல் வருடம் எங்களுடையது. பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து 200க்கு கட்-ஆஃப், அவ்வளவுதான் சேர்க்கை. பதினொன்றாவது மார்க்கை யாரும் கேட்கப் போவதில்லை என்றதும் அந்தப் புத்தகமே எங்களுக்குத் தேவையில்லாததாகிவிட்டது. ஒரே பாடத்தை இரண்டு வருடம் எழுதி எழுதிப் பார்த்தோம். விடியற்காலை நாலரைக்கு மணி அடிப்பார்கள், ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்டடி.

எங்கள் செட்டிலும் உன்னைப் போல ஒருத்தன் இருந்தான். நியூட்டன் விதியெல்லாம் எப்போது சார் என்று கேட்டான். அவனை நிற்க வைக்கவில்லை, அதைவிட மோசமாக, இவனால் உங்கள் எல்லாருக்கும் அரை மணி நேரம் வீண் என்று சொல்லி அன்றைக்கு விளையாட்டு நேரத்தை ரத்து செய்தார்கள். அதற்கப்புறம் வார்டன் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை, மீதியை நாங்களே செய்தோம். அவன் பக்கெட்டை எடுத்து ஒளித்து வைத்தோம், மெஸ்ஸில் அவன் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனோம். நானும் எழுந்து போனேன். தட்டில் பாதி இட்லி இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டு போனேன், அந்தப் பாதி இட்லி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆயிரத்து நூறுக்கு மேல் எடுத்தேன், 1200க்கு. நல்ல கல்லூரி கிடைத்தது. முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் வகுப்பில் விசையை இரண்டு திசையில் கூறுபடுத்தச் சொன்னார்கள், எனக்குக் கை ஓடவில்லை. அந்தப் பேப்பர் அரியர் விழுந்தது. என்னைப் போல நிறையப் பேர். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2018 மார்ச்சில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள், மொத்த மதிப்பெண்ணை 1200இல் இருந்து 600 ஆக்கினார்கள், முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அதற்கு முந்தின வருடமே விட்டார்கள். இப்போது தேர்வை எடுத்தது பிள்ளைகள் மேல் இருக்கிற பாரத்தைக் குறைக்கத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பள்ளி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதற்கு நீ எழுதியதே சாட்சி.

உன் கேள்வி சரியான கேள்வி. தலையைக் குனிந்துகொண்ட அந்த நாலு பேருக்கும் அது தெரியும். அப்போது எனக்கும் தெரிந்திருந்தது.

கோபி அம்மா எழுதியது:

கண்ணு, எனக்கும் உன் வயசில் ஒரு பெண் இருக்கிறாள், அதனால் கோபித்துக்கொள்ளாதே. மேலே தம்பி எழுதியதெல்லாம் சரி. ஆனால் அவர் பதினெட்டு வருடம் கழித்து எழுதுகிறார், நீ நாளைக்குக் காலையில் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். பள்ளிக்கூடத்தில் கெட்ட பெயர் வாங்கினால் பிராக்டிகல் மார்க் அவர்கள் கையில்தான் இருக்கிறது. வெளியே இருந்து தைரியம் சொல்கிறவர்கள் யாரும் உன் டிசி வாங்கும்போது கூட வரப் போவதில்லை.

எழுத்தை வீட்டில் எழுது, பள்ளிக்கு அந்த நோட்டைக் கொண்டு போகாதே. இரண்டு வருடம், அதுவும் இல்லை, ஒன்றேகால் வருடம்தான். உன்னை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை சாமி, கொஞ்ச நாளைக்குப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள் என்கிறேன். அம்மா உன்னை நம்பினார்கள் பார், அது எத்தனை வீட்டில் நடக்கும்?

சாக்பீஸ் எழுதியது:

நான் இயற்பியல் ஆசிரியர், தனியார் பள்ளியில்தான், பதினாலு வருடமாக. அதனால் அந்த மிஸ் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன், நிற்க வைத்ததை நியாயப்படுத்த இல்லை, அது தப்பு.

எங்களுக்கு எந்த மாதம் எந்தப் பாடம் என்று மேலே இருந்து எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை சென்டம் வாங்கிக் கொடுத்தேன் என்பதை வைத்துத்தான் அடுத்த வருடம் எனக்கு வேலை. நாற்பது பேர் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து நான் ராத்திரி தூங்காமல் யோசிக்கிற கேள்வியைக் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது, பதில் இல்லாத ஆசிரியருக்குக் கோபம்தான் வரும். எனக்கும் வந்திருக்கிறது. அந்த மிஸ் கொஞ்ச நேரம் உன்னையே பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்களுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கோபி அம்மா சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். கேள்வியை விடாதே அம்மா, கேட்கிற இடத்தை மாற்று. இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில், தனியாக, புத்தகத்தோடு போ. எப்போது நடத்துவீர்கள் என்று கேட்காதே. வெக்டரில் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை மிஸ், சொல்லித் தருவீர்களா என்று கேள். பாடம் நடத்தத் தெரிந்த எந்த ஆசிரியருக்கும் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல வராது. இன்னொன்று, உங்கள் பள்ளி நீட், ஜேஇஇ என்றுதான் பெற்றோரிடம் சொல்லிக் காசு வாங்கியிருக்கும். இரண்டு தேர்விலும் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்புப் பாடமும் வருகிறது. உன் அப்பா பெற்றோர் கூட்டத்தில், நீட்டுக்கு லெவன்த் பாடம் வேண்டுமே, எப்போது முடிப்பீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டால் போதும், பெற்றோர் கேட்டால் அவர்கள் குரல் வேறு மாதிரி இருக்கும். அவருக்குத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. திரும்ப நிற்க வைத்தாலோ, கூட்டிவைத்து அவமானப்படுத்தினாலோ குழந்தைகள் உதவி எண் 1098.

வண்ணக்கன் எழுதியது:

எல்லாரும் பள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த நோட்டின் கடைசிப் பக்கம்தான் கண்ணில் நிற்கிறது. நான் பதினொன்றில் முதல் குரூப் படித்து, அப்புறம் பி.ஏ. வரலாறு சேர்ந்து, இப்போது கல்வெட்டு வேலைதான் பார்க்கிறேன். எந்த குரூப் படித்தாலும் பி.ஏ. வரலாற்றில் சேரலாம் அம்மிணி, உன் வழி அடைபடவில்லை, இதை முதலில் உன் அப்பாவிடம் காட்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறையே இருக்கிறது. முதுகலைக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்துகிற இரண்டு வருடப் பட்டயப் படிப்பும் உண்டு.

ஐராவதம் மகாதேவன் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். அவர் அறிவியலும் சட்டமும் படித்து ஐ.ஏ.எஸ். வேலைக்குப் போனவர். உங்கள் பக்கத்து கரூர் மாவட்டத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் சேர மன்னர்கள் பெயரைப் படித்துச் சொன்னார், தமிழ்-பிராமி பற்றிய அவருடைய பெரிய நூல் 2003இல் வந்தது. பயோ மேத்ஸ் உனக்கு எதிரி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கொடுமணல் அகழாய்வில் கிடைத்த கல்மணிகளைப் பற்றிப் பேச வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும்.

நீ அறச்சலூர் போயிருக்கிறாயா? ஈரோட்டில் இருந்து கொஞ்ச தூரம்தான். நாகமலையில் ஒரு குகைத் தளத்தில் தமிழ்-பிராமி எழுத்தில் த, தை, தா, தே என்று தாள எழுத்துகளை ஐந்து வரிசையில் ஐந்தைந்தாகச் செதுக்கியிருக்கிறார்கள், இடமிருந்து வலம் படித்தாலும் மேலிருந்து கீழ் படித்தாலும் ஒன்றாகவே வரும். பக்கத்தில், எழுத்தைச் சேர்த்தவன் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயர் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் காசையோ மணியையோ தரம் பார்க்கிறவன், நான் இங்கே வைத்திருக்கிற பெயர் அவனுடையதுதான். நடுப்பகலில் போகாதே, உச்சி வெயிலில் கீறல் எல்லாம் மறைந்துவிடும், பாறையில் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் நிற்கும். சுண்ணாம்போ சாக்பீஸோ தடவக் கூடாது, தொடாமல் பார்.

உன்னைப் பள்ளியில் "கல்வெட்டு" என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் துறையில் அந்தச் சொல்லை நாங்கள் எவ்வளவு மரியாதையாகச் சொல்வோம் என்று ஒரு நாள் நீ வந்து கேட்க வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரமாகப் பதில் எழுத முடியவில்லை, மிட் டெர்ம்.

சாக்பீஸ் சார், நீங்கள் சொன்ன மாதிரி போனேன். ஸ்டாஃப் ரூம் வாசலில் கால் நடுங்கியது. மிஸ் கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என் பேனாவை வாங்கி, டெஸ்ட் பேப்பர் கட்டின் மேல் வைத்தே போட்டுக் காட்டினார்கள். அப்புறம், "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு அரை மணி நேரம் இரு" என்றார்கள். இருந்தேன். என்னோடு இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள், அந்த பஸ் நாலு பேரில் ஒருத்தி. எதுவும் பேசவில்லை, ஸ்கேலைக் கேட்டு வாங்கினாள்.

கோபி அம்மா, நோட்டை இப்போது வீட்டில்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் அம்மா பட்ட பாட்டை நினைத்து அதை மட்டும் கேட்டுக்கொண்டேன். ஹாஸ்டல் அண்ணா, அந்த நியூட்டன் கேட்ட அண்ணாவை நீங்கள் அப்புறம் எப்போதாவது பார்த்தீர்களா? பார்க்காவிட்டால் தேடிப் பாருங்கள், ப்ளீஸ்.

வண்ணக்கன் சார், அப்பா உங்கள் பதிலைப் படித்தார். நீட் பற்றிய பேச்சை இன்னும் விடவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை தாத்தாவோடு அறச்சலூர் போகலாம் என்று அவரே சொன்னார். விடியற்காலையே கிளம்பிவிடுவோம். தாத்தாவுக்கு 71 வயது, மலை ஏற எவ்வளவு நேரம் ஆகும், பாதை எந்தப் பக்கம், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.