மீத்தேன் எரிதல்: விடையில் 88 கிலோஜூல் குறைகிறது, ஏன்?

கேள்வி:
மீத்தேனின் திட்ட எரிதல் என்தால்பி (திட்ட நிலையில் முழுதாக எரியும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்; கழித்தல் குறி என்றால் வெப்பம் வெளிவருகிறது) மோலுக்கு −890 கிலோஜூல் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு −802 தான் வருகிறது. எடுத்துக்கொண்ட உருவாதல் என்தால்பிகள் (தனிமங்களிலிருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்): மீத்தேன் −74.8, கார்பன் டைஆக்சைடு −393.5, நீர் −241.8. ஆக்சிஜனுக்குச் சுழி. பிணைப்பு என்தால்பி (அணுக்களுக்கு இடையிலான பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றல்) வழியிலும் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் −802. புத்தக விடைதான் தப்போ?

பதில் 1:
ஆக்சிஜனுக்கு ஏன் சுழி? சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பதில் 2:
ஆக்சிஜன் சரிதான். ஒரு தனிமம் தன் நிலையான வடிவில் இருந்தால் உருவாதல் என்தால்பி சுழி. அதை எதிலிருந்தும் உருவாக்க வேண்டியதில்லையே. ஓசோனாக இருந்தால் மட்டும் +142.7 போட வேண்டும்.

நீருக்கு எடுத்த எண்ணைப் பாருங்கள். −241.8 நீராவிக்கு உரியது. அட்டவணையில் நீருக்கு இரண்டு வரிகள் இருக்கும், அவசரத்தில் எல்லோர் கண்ணும் ஒன்றில்தான் நிற்கும். 1 பார் அழுத்தம், 298 கெல்வினில் நீர் திரவம், அதற்கு −285.8. ஒரு மோல் மீத்தேன் எரிந்தால் 2 மோல் நீர் வரும். இப்போது போடுங்கள்:

−393.5 + 2 × (−285.8) − (−74.8) = −890.3

விடுபட்ட 88 என்பது 2 மோல் நீராவி திரவமாகும்போது வெளிவரும் வெப்பம், மோலுக்கு 44. (40.7 என்று படித்திருப்பீர்கள். அது 100 டிகிரி செல்சியஸில்.)

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. அப்படியானால் பிணைப்பு வழியில் எப்படி அதே −802 வந்தது?

பதில் 2:
பிணைப்பு என்தால்பி எல்லாமே வாயு நிலை மூலக்கூறுகளுக்குத்தான். அந்தக் கணக்கில் நீர் தானாகவே நீராவி ஆகிவிடுகிறது. அதனால் இரண்டு வழிகளும் ஒத்துப்போனது விடைக்குச் சாட்சி ஆகாது. இரண்டிலும் ஒரே வினையைத்தான் கணக்கிட்டிருக்கிறீர்கள். மற்றபடி பிணைப்பு என்தால்பிகள் சராசரி மதிப்புகள், எப்போதும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். கேள்வியில் நீருக்குப் பக்கத்தில் வாயு என்று குறித்திருந்தால் −802 தான் சரியான விடை. நிலைக்குறியை (வாயுவா, திரவமா என்று காட்டும் குறி) பார்த்த பிறகு அட்டவணைக்குப் போங்கள்.