அப்டேட்: விறகடுப்பு புகை ஊட்டுக்குள்ள வர்ற பிரச்சனை

போன மாசம் கேட்டிருந்தேனே, குடியாத்தம் பக்கம் எங்க ஊட்டுல புகைக்கூண்டு இருந்தும் அடுப்பு புகை கூடத்துக்கு வருது, அம்மா இருமிக்கினே இருக்காங்கன்னு, இப்போ முக்கால்வாசி சரியாயிடுச்சு.

கூண்டை சுத்தம் பண்ணோம், ஒரு சட்டி கரி வந்துச்சு, புகை மட்டும் நிக்கல. கடைசில பாத்தா வில்லன் நான் புதுசா மாட்டுன எக்ஸாஸ்ட் ஃபேன்! ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு அதை போட்டா உள்ள இருக்குற காத்தை வெளிய தள்ளுது, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காத்து கூண்டு வழியா இறங்குது, புகையையும் இழுத்துக்கினு. ஃபேனை நிறுத்தி அடுப்பாண்ட ஜன்னலை நாலு விரல் திறந்தேன், புகை நேரா மேல போச்சு. காசு குடுத்து புகை வாங்குனியாடான்னு அம்மா ஒரே திட்டு.

மார்கழி காலைல மட்டும் கூண்டு சில்லுன்னு இருக்கறதால மொதல்ல கொஞ்சம் புகை திரும்புது, அதுக்கு ஒரு பேப்பரை சுருட்டி கூண்டு வாய்கிட்ட கொளுத்தி சூடாக்கிட்டு பத்தவைக்கிறோம். ஈர வேலமர விறகையும் நிறுத்தியாச்சு.

கூண்டு 10 அடி சுத்துல இருக்குற கூரையைவிட 2 அடியாவது ஒசரமா இருக்கணுமாம், எங்களுது கம்மி, பொங்கலுக்கு அப்புறம் ஏத்தணும்.

ராத்திரி தணலோட கூண்டை மூடிடுன்னு ஒருத்தர் சொன்னீங்க, அது மட்டும் வேணாங்க, தணல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயு ஊட்டுக்குள்ளயே தங்கிடும், அதுக்கு வாசனையே கிடையாது.