கொப்பியைத் திருத்துவது யார், திருத்தியதைத் திருப்பிச் செய்வது யார்? (அனுபவப் பகிர்வு)

வெள்ளவத்தை வாசி

தவணைத் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்ததும் மூன்று பேரும் மூன்று பக்கம் கைகாட்டுவது கொழும்பில் புதிதில்லை. "வீட்டில கொப்பியைத் தொடுறதே இல்லை" என்பார் ரீச்சர். "பள்ளிக்கூடத்தில ஒழுங்காச் சொல்லிக் குடுத்தா நாங்க ஏன் ரியூஷனுக்குக் காசு கட்டுறம்" என்பது வீட்டின் பதில். பிள்ளை நடுவில் நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிழை யாருடையது என்று வழக்காட இந்த இழையைத் தொடங்கவில்லை. யார் எதை எப்போது செய்தால் வேலை நடக்கிறது, எந்த இடத்தில் கைநழுவுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும்.

கணித ரீச்சர் (ஓய்வு)

கைநழுவும் இடம் கொப்பிதான். பிள்ளை எழுதுகிறது, ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போடுகிறார், அம்மா கையெழுத்து வைக்கிறார். பிழை மட்டும் அப்படியே இருக்கிறது. மூவரும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், ஆனால் பிழையை எடுத்துத் திருப்பிச் செய்யும் வேலை யாருடைய கணக்கிலும் இல்லை.

முதலில் ஆசிரியர் பக்கம். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளை என்று வைத்தால் 200 கொப்பி. கொப்பிக்கு 2 நிமிடம் போட்டாலே 400 நிமிடம், அதாவது 40 நிமிடப் பாடவேளை பத்து. திங்கட்கிழமை எல்லாவற்றையும் கட்டி ஆசிரியர் அறைக்குக் கொண்டுவரச் சொன்னால் என்ன நடக்கும்? பக்கத்துக்கு ஒரு சரி, அடியில் கையெழுத்து, திகதி. அதற்கு மேல் போக நேரம் இராது. இடையில் லீவில் நிற்கும் ஆசிரியரின் வகுப்புக்கு ரிலீவ் வேறு போக வேண்டும்.

தாக்குப்பிடிக்கும் வழி இது. வகுப்பை ஐந்தாகப் பிரியுங்கள். ஒரு வகுப்பில் நாளுக்கு 8 கொப்பி, ஐந்து வகுப்பிலும் 40. அது 80 நிமிடம், இரண்டு ஓய்வுப் பாடவேளை. ஒரு பிள்ளையின் கொப்பி வாரத்தில் ஒரு தரம்தான் பார்க்கப்படும், ஆனால் உண்மையாகப் பார்க்கப்படும். எந்தக் குழுவுக்கு எந்த நாள் என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் வீட்டுக்கும் தெரியும்.

அடுத்தது, வெறும் வட்டம் போடாமல் பிழையின் வகையை ஓர் எழுத்தால் குறிப்பது. விடையில் அலகு (செ.மீ. போன்றது) விட்டால் "அ". சகக் குறி (+), சயக் குறி (−) மாறினால் "கு". இடைப்படி இல்லாவிட்டால் "ப". வினாவைச் சரியாக வாசிக்காமல் விடை எழுதியிருந்தால் "வா". சூத்திரமே மாறியிருந்தால் "சூ".

ஓர் உதாரணம். ஆரை 7 செ.மீ. உள்ள வட்டத்தின் பரப்பளவு கேட்கப்பட்டிருக்கிறது, விடை 154 சதுர செ.மீ. ஒரு பிள்ளை வெறும் 154 என்று விட்டிருக்கும். அது "அ". இன்னொன்று 44 என்று எழுதியிருக்கும். அது பரிதி, ஆகவே "சூ" அல்லது "வா". இரண்டுக்கும் ஒரே சிவப்பு வட்டம் போட்டால், இரண்டு பிள்ளைக்கும் ஒரே ஏச்சு விழும், "கவனமில்லை" என்று. முதலாவதுக்கு விடையை ஒரு தரம் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போதும். இரண்டாவது "சூ" என்றால் பாடத்தையே திரும்பப் படிப்பிக்க வேண்டும். 44 எழுதிய பிள்ளையிடம் "கேள்வியைச் சத்தமா வாசி" என்று சொல்லிப் பாருங்கள். "பரப்பளவு" என்று வாசித்த உடனே தானாகத் திருத்தினால் அது "வா", திருத்தாமல் முழித்தால் "சூ".

கொட்டாஞ்சேனை அம்மா

ரீச்சர், இது சரி. ஆனா எங்கட பக்கத்தில எத்தனையோ தாய்மார் எட்டாம் வகுப்போட நின்றவங்க. பிள்ளை இருமொழி வகுப்பென்றால் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில இருக்கும். அவங்க கொப்பியைத் திறந்து எதைப் பார்க்கிறது?

கணித ரீச்சர் (ஓய்வு)

கணக்கைப் பார்க்கவே வேண்டாம் அம்மா. உண்மையில் பாடம் தெரிந்த தகப்பன்மார்தான் கூடுதலாகக் கெடுக்கிறார்கள். தாங்கள் படித்த காலத்து முறையில் செய்து காட்டி, வகுப்பில் சொல்லிக்கொடுத்த படிமுறையைக் குழப்பிவிடுவார்கள்.

சிவப்பு எழுத்து விழுந்த ஒவ்வொரு கணக்கையும் பிள்ளை அதற்குக் கீழே பச்சைப் பேனையால் திருப்பிச் செய்ய வேண்டும். தாய் எண்ண வேண்டியது இரண்டுதான். இந்தப் பக்கத்தில் ரீச்சர் போட்ட சிவப்பு எழுத்து எத்தனை? அதற்குக் கீழே பிள்ளை பச்சையால் திருப்பிச் செய்தது எத்தனை? சிவப்பு நான்கு, பச்சை மூன்று என்றால் ஒன்று மிச்சம். "இதையும் செய்துபோட்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்றால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை, எந்த மொழியில் இருந்தாலும் செய்யலாம். பச்சை இல்லாத பக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வைத்தால் அடுத்த வாரமும் அதே பிழை வரும்.

பிள்ளைக்குத் திருப்பிச் செய்யவே வராவிட்டால் கொப்பியில் "விளங்கவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணாவைக் கொண்டு செய்வித்து ஒட்டிவிட்டால், விளங்கிவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அடுத்த அலகுக்கு, அதாவது அடுத்த பாடப்பகுதிக்கு, போய்விடுவார்.

தாள் திருத்துபவர்

ஓ.எல். (11ஆம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சை) கணிதத்தில் சித்தி (பாஸ்) போகுமோ என்று பயப்படும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு கணக்கு. முதலாம் வினாத்தாள் 2 மணித்தியாலம். பகுதி ஏயில் 25 சிறு வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி பியில் 5 வினா, ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் வினாத்தாள் 3 மணித்தியாலம். 12 வினாவில் 10 செய்ய வேண்டும், இரண்டு பகுதியிலும் ஐந்தைந்து, ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. மொத்தம் 200, அதைப் பாதியாக்குவார்கள். சாதாரண சித்தி 35, ஆகவே 200க்கு 70.

பகுதி ஏயில் 20 வினா சரியென்றால் 40 வந்துவிடும். மிச்சம் 30. மற்ற 15 பெரிய வினாக்களில் ஒவ்வொன்றிலும் சராசரி 2 புள்ளி எடுத்தாலே அது வரும். பெரிய வினாவின் முதல் உபபகுதி பெரும்பாலும் லேசானது, புள்ளியும் படிப்படியாக விழும். "எனக்கு இந்த அலகு வராது" என்று வெற்றுத்தாளாக விடுகிற பிள்ளைதான் விழுகிறது. வாய்ப்பாட்டை எழுதி எண்களைப் பிரதியிட்டுப் பாதியில் நின்ற பிள்ளை தப்பிவிடுகிறது.

இதில் பங்கு பிரிப்பது சுலபம். ஆசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் பகுதி ஏ மட்டும் வீட்டுக்குக் கொடுக்கலாம், 25 வினா, 45 நிமிடம். வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் முடிந்ததும் தாளை வாங்கி வைக்க ஒருவர் வேண்டும், அம்மம்மாவே போதும். பிள்ளையின் வேலை, பிழைத்த வினாக்களின் இலக்கத்தையும் அது எந்த அலகு என்பதையும் ஒரு பட்டியலில் எழுதிவருவது. ஐந்து தாள் போனதும் அந்தப் பட்டியலைப் பார்த்தால் எந்த அலகில் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தானாகத் தெரியும்.

உயர்தரத்துக்கு (ஏ.எல்.) போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி (சி அல்லது அதற்கு மேல்) வேண்டும். எட்டு பாடத்தில் ஏ எடுத்துக் கணிதத்தில் விழுந்த பிள்ளையின் வீடு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

டைம்டேபிள்

டியூஷனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

நான் டியூஷனுக்கு எதிரி இல்லை. தமிழ்மொழிமூலம் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுக்க ஓடுகிற வகுப்புகள் கொழும்பிலும் உண்டு, அங்கே வேறு வழியில்லை. ஆனால் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பாடசாலை 1.30க்கு விடுகிறது. வேன் காலி வீதி நெரிசலில் ஒவ்வொரு வாசலாக நின்று வீடு வர 2.45. குளித்துச் சாப்பிட்டு 3.30க்கு வகுப்பு, 6.30 வரை. வீடு வர 7.15. இராச்சாப்பாடு, கும்பிடுவது, கொஞ்சம் ஃபோன், 8.15. காலை 5 மணிக்கு எழும்புகிற பிள்ளை 9.30க்காவது படுக்க வேண்டும். தானாகப் படிக்க ஒன்றேகால் மணித்தியாலம் மிஞ்சுகிறது. அதற்குள் பாடசாலை வீட்டுவேலை, டியூஷன் வீட்டுவேலை, இனி இந்தப் பச்சைப் பேனை வேலையும்.

ஒரு மணித்தியாலம் கேட்டதற்கு ஒரு மணித்தியாலம் தானாகச் செய்தால்தான் ஒட்டும். கிழமைக்கு 15 மணித்தியாலம் டியூஷன் போகும் பிள்ளைக்கு அந்த 15 எங்கிருந்து வரும்? ஆகவே குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல்: கடைசி நான்கு வகுப்பு நோட்ஸை எடுத்து, பிள்ளை தன் கையால் செய்த பயிற்சி எத்தனை என்று பாருங்கள். எல்லாம் பலகையைப் பார்த்து எழுதியதென்றால் அந்த வகுப்பை நிறுத்தலாம். காசும் மிச்சம்.

இன்னொரு சிக்கல். டியூஷன் பாடசாலையை விட இரண்டு அலகு முன்னால் ஓடும். பிள்ளை "இது தெரியும்" என்று வகுப்பில் தூங்கும். ஆசிரியரும் "இதெல்லாம் வெளியில படிச்சிருப்பீங்கதானே" என்று தாண்டுவார். வெளியில் போக வசதியில்லாத ஏழெட்டுப் பிள்ளைகள் பின்வாங்கில் இருக்கும். அவர்களுக்கு இரண்டு இடத்திலும் பாடம் இல்லை. இது ஆசிரியர்கள் மட்டும் திருத்தக்கூடிய பிழை, பெற்றோரால் முடியாது.

பகுதித் தலைவர்

பெற்றோர் கூட்டம் பற்றி. இரண்டு மணித்தியாலத்தில் 40 பேரைப் பார்த்தால் ஆளுக்கு 3 நிமிடம். "மிஸ், பிள்ளை எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டால் "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் முயற்சி வேணும்" என்ற பதிலோடு அந்த 3 நிமிடமும் போய்விடும். தவணைப் பரீட்சை விடைத்தாளையும் கொப்பியையும் கையில் கொண்டு வாருங்கள். ஒரு வினாவைத் திறந்து காட்டி "இது ஏன் போனது, வீட்டில எதைச் செய்யச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்காதீர்கள், அது அறிக்கையிலேயே இருக்கிறது. பிள்ளையையும் கூட்டி வந்தால் நல்லது, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ரீச்சர் சொன்னது வேறாக மாறியிருக்கும்.

அலுவலகத்தில் கொடுத்த தொலைபேசி இலக்கம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுத்தால் கட்டாரில் இருக்கும் அப்பாவுக்குப் போகிறது. பகலில் எடுக்கக்கூடிய ஒருவரின் இலக்கம் வேண்டும், அது மாமியாக இருந்தாலும் சரி.

ஒன்பதாம் வகுப்பு முடியும்போது தொகுதிப் பாடங்கள் (10, 11இல் படிக்கும் விருப்பப் பாடங்கள்) தெரிவு செய்ய வேண்டும். சிநேகிதி எடுத்தாள் என்று பிள்ளையும், சம்பளம் வரும் என்று அப்பாவும் ஒரு பாடத்தில் நிற்பார்கள். அந்தப் பாடத்துக்கு 10, 11 இரண்டு ஆண்டும் தமிழில் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா என்பதை இருவரும் கேட்க மறப்பார்கள். படிவம் கொடுக்க முன்னர் பாடசாலையில் நேரடியாகக் கேளுங்கள். கேட்காமலே சொல்ல வேண்டியது எங்கள் கடமை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏ.எல். பிள்ளை

எங்கள் பக்கமும் கொஞ்சம். லீவு போட்ட நாளின் நோட்ஸை வட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் அது ஃபோனுக்குள்ளேயே செத்துப்போகும். கொப்பியில் அந்த நாளுக்கு இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு, அதே வாரத்துக்குள் கையால் எழுதி நிரப்ப வேண்டும். படம் பார்த்து எழுதும்போது விளங்காத வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால், அடுத்த நாள் சேரிடம் கேட்க ஒரு கேள்வி தயார்.

ஏ.எல். கடைசி மாதங்களில் பேப்பர் கிளாஸ் (வினாத்தாள் செய்து பழகும் டியூஷன்) என்று பாடசாலைக்கே போகாமல் விடுகிறவர்களுக்கு: பாடசாலை மூலம் பரீட்சை எழுத 80 சதவீத வரவு கேட்பார்கள். நூறு நாளில் 20 தான் உங்கள் கையில். டெங்கு வந்தால் அதில் பாதி ஒரே தரத்தில் போய்விடும். ஆகவே முதல் தவணையிலேயே செலவழிக்காதீர்கள். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் திரும்பிப் போகும் முதல் நாளே வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். பச்சைப் பேனையை எண்ணுங்கள், பக்கத்து ஃபிளாட் பிள்ளையின் புள்ளியை எண்ணாதீர்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா

ரீச்சர், கடையில் பச்சைப் பேனை இல்லாவிட்டால்?

கணித ரீச்சர் (ஓய்வு)

பென்சில் போதும். நீலத்தில் மட்டும் வேண்டாம், முதலில் எழுதியது எது, திருத்தியது எது என்று தெரியாமல் போகும். முதல் விடையை அழிறப்பரால் அழிக்கவும் விடாதீர்கள். பிழை அப்படியே தெரிய வேண்டும், அடுத்த கிழமை ஆசிரியர் தேடுவது அதைத்தான்.