சுழலும் விண்கப்பலில் ஈர்ப்பு: எப்படி எழுதினால் நம்புவார்கள்?

கேள்வி:
குறுநாவல் எழுதுகிறேன். கப்பல் சுழல்வதால் உள்ளே ஈர்ப்பு. ஆரம் 20 மீட்டர். இது எடுபடுமா?

பதில் 1:
பூமி அளவு ஈர்ப்பு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 6.7 சுற்று. பழகாதவருக்குத் தலையைத் திருப்பினாலே குமட்டும். வெளிச்சுவர்தான் தரை, தலை மையத்தின் பக்கம்; அதனால் பாதத்தைவிடத் தலையில் ஈர்ப்பு 9 சதவீதம் குறைவு. கணக்கு எளிது: 894ஐ நிமிடச் சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தால் வகுத்தால், பூமி அளவு ஈர்ப்புக்கான ஆரம், மீட்டரில். 2 சுற்றுக்கு 224 மீட்டர் வரும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனா சின்ன ஆரத்தைக் கைவிடாதீங்க, கதைக்குத் தீனியே அதுதான். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கைநழுவும் டம்ளர் நேர்கீழே விழாது. சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுமார் 40 செ.மீ. தள்ளி விழும். தரையின் வேகம் நொடிக்கு 14 மீட்டர். அதற்கு எதிராக நொடிக்கு 5 மீட்டர் ஓடுபவரின் எடை 40 சதவீதமாகச் சுருங்கும்; சுழலும் திசையில் ஓடினால் 1.8 மடங்கு! துரத்தல் காட்சி இருந்தால் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று முதலில் முடிவு பண்ணுங்க.

கேட்டவர்:
அருமை. மேல்தளத்தில் படுக்கையறை வைக்கலாமா?

பதில் 1:
மையத்திலிருந்து 10 மீட்டரில் பாதி எடைதான். கிடங்கு வைங்க. ஜன்னலில் விண்மீன்கள் 9 நொடிக்கொரு சுற்று வரும். "அசையாத வானம்" மாதிரி வரி இருந்தால் வெட்டிடுங்க.