முறிவுக் கடினம் வேண்டாம், விரிசலுரம்?

வணக்கம்.

ஃபிராக்சர் டஃப்னஸுக்கு (fracture toughness, விரிசல் விழுந்த பொருள் மேலும் பிளந்துகொண்டு போகாமல் எதிர்க்கிற திறன்) தமிழில் 'முறிவுக் கடினத்தன்மை' என்று சொல்லலாம் என்பதை நான் ஏற்கவில்லை. ஹார்ட்னஸுக்குக் கடினத்தன்மை என்று ஏற்கெனவே புழங்கிவிட்டது, அதையே டஃப்னஸுக்கும் வைத்தால் வேறெங்கே குழப்பம் வராவிட்டாலும் வெல்டிங்கில் கட்டாயம் வரும். பற்றவைத்த தடத்தை ஒட்டி, உருகாமல் சூடு மட்டும் பட்ட ஒரு குறுகிய பட்டை இருக்கிறதே, கார்பன் கூடுதலான எஃகாக இருந்து சட்டென்று ஆறினால் அங்கே மார்ட்டென்சைட் என்கிற இறுகிய, எளிதில் நொறுங்குகிற எஃகு அமைப்பு உருவாகி, அரத்தை வைத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிற அளவுக்கு இறுகிவிடும். கடினம் ஏகத்துக்கு ஏறியிருக்கும், டஃப்னஸ் இறங்கியிருக்கும். 'கடினம் கூடியதால் முறிவுக் கடினம் குறைந்தது' என்று எழுதினால் படிக்கிற மாணவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்.

'முறிவு வலிமை'யும் சரிவராது. விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு எழுகிற கேள்வி இது: அது அங்கேயே நிற்குமா, ஓடுமா? பிளாஸ்டிக் உறையைக் கையால் கிழிக்க எவ்வளவு பாடுபடுகிறோம், ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்தால் சர்ரென்று போய்விடும். வெட்டு விழுந்த பிறகு எவ்வளவு எதிர்ப்பு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறோம். அலகில் மெகாபாஸ்கலோடு மீட்டரின் வர்க்கமூலம் வந்து ஒட்டிக்கொள்வதும் விரிசலின் நீளம் கணக்கில் இருப்பதால்தான். பற்றவைத்த மூட்டில் கசடு சிக்கியது, அடிவரை உருகிச் சேராதது என்று ஏதாவது குறை இருக்கவே செய்யும். 1943 ஜனவரியில், பற்றவைத்துக் கட்டிய ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல், அலையோ புயலோ இல்லாமல், துறையில் கட்டிக் கிடந்தபோதே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. ரிவெட் அடித்த கப்பலாக இருந்தால் ஓடி வருகிற விரிசல் தகட்டின் ஓரத்தில் நின்றுபோக வாய்ப்புண்டு, பற்றவைத்த உடலில் எல்லாத் தகடும் ஒரே தகடு மாதிரிதான்.

அதனால் என் பரிந்துரை 'விரிசலுரம்'. உரம் என்றதும் யூரியா மூட்டைதான் நினைவுக்கு வரும் என்று சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் நெஞ்சுரம் என்னும்போது யாருக்கும் யூரியா வருவதில்லையே? எழுதியும் பார்த்தேன்: 'தாய்த்தகட்டைவிட வெல்டில் விரிசலுரம் குறைவு', 'குளிர் கூடக்கூட இந்த எஃகின் விரிசலுரம் சரிகிறது'. உறுத்தவில்லை. 'விரிசல் தாங்குதிறன்' பொருளளவில் சரிதான், ஆனால் நீளம், எழுதுகிறவர் நாலாவது வரியில் சலித்துப்போய் வெறும் 'தாங்குதிறன்' என்று சுருக்கிவிடுவார், அப்புறம் அது எதை வேண்டுமானாலும் குறிக்கும்.

ஒரு சிக்கல் மிச்சம். 10 மி.மீ. சதுரக் கட்டையில் 2 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, ஊசல் சம்மட்டியால் அடித்து, உடைய எடுத்துக்கொண்ட ஆற்றலை ஜூலில் அளக்கிற சார்ப்பி சோதனையின் விடையையும் டஃப்னஸ் என்றே சொல்கிறார்கள். அங்கே இருப்பது இழைத்த வெட்டுதான், கூரான விரிசல் இல்லை, ஆகவே அதற்கு விரிசலுரம் பொருந்தாது. 'தாக்குரம்' என்று வைக்கலாமா?