வேளாண் மண்டல சட்டத்தால நஞ்சை விலை கொறையுமா?

திருவாரூர்க்காரன்: அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு, 2020ல காவிரி டெல்டாவுக்குன்னு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம் வந்ததுலேர்ந்து இனிமே யாரும் வாங்க மாட்டாங்க வந்த விலைக்கு தள்ளிடுங்கன்னு புரோக்கர் நச்சரிக்கிறாரு, உண்மையா?

குடவாசல் தம்பி: அவசரப்பட்டு வித்துடாதீங்கண்ணே. அந்த சட்டம் தடுக்குறது புதுசா மீத்தேன், ஷேல் கேஸ்னு பூமிக்கடியிலேர்ந்து எரிவாயு எடுக்குறது, தோல் ஆலை, தாமிர உருக்காலை இதுங்களத்தான், நெலத்த விக்கிறத இல்ல.

பத்திர எழுத்தர்: வயல அங்கீகாரம் இல்லாம வீட்டு மனையா பிரிச்சு விக்க முடியாததுக்கு காரணம் இந்த வேளாண் மண்டல சட்டம் இல்ல, பத்திரப்பதிவு சட்டத்தோட 22-ஏ பிரிவு. அங்கீகாரம் இல்லாத மனைய பதிய மாட்டாங்க, 2016 அக்டோபர் 20க்கு முன்னாடியே மனையா பதிஞ்சிருந்தா வேற விஷயம். இது தமிழ்நாடு முழுக்க இருக்கு, டெல்டாவுக்கு மட்டும் இல்ல.

மாயவரத்தான்: எங்க மயிலாடுதுறை மாவட்டத்த வேளாண் மண்டலத்துல 2023ல தான் சேத்தாங்க. ஆனா ஏற்கனவே ஓடுற எண்ணெய் கெணறுங்கள இந்த சட்டம் தொடாது, கொழா ஒடைஞ்சி கறுப்பா படிஞ்ச வயல்ல நாத்து அழுகுறத பாத்தா வயிறு எரியுது. உங்க வயலுக்கு வாய்க்கா தண்ணி ஏறுதுன்னா குத்தகைக்கு விடுங்க, விக்காதீங்க.